வட்டம் சுற்றும் வீட்டிலிருந்து ஒரு டீச்சர்

எங்கள் வீட்டு இன்டர்நெட்டைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம் வரும், பேச்சு பிறகுதான் வரும். அதற்கு மனசு இருந்தால் ஒரு படம் திறக்கும். இல்லையென்றால் திரை நடுவில் அந்த வெள்ளை வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பெனிக்குப் போன் போட்டால், "மேடம், ரவுட்டரை ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். "ஏம்ப்பா, உங்க வீட்டு அடுப்பு எரியலைன்னா அதையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு உக்காந்திருப்பீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்றான். போனை வைத்துவிட்டேன்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்வது என் வேலை. மைக் பழுதானாலும் எனக்குக் கவலை கிடையாது, என் குரல் ஊருக்கே கேட்கும். கேட்காத ஒரே ஆள் என் வீட்டிலேயே இருக்கிறாள். என் தம்பி மகள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. சிட்டு என்று கூப்பிடுவோம், கைகள் ஒரு நிமிடம் சும்மா இருக்காது என்பதால். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சைகை மொழி தெரியும். நாங்கள் சண்டை போடுவதுகூட அதில்தான். சண்டையில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

ஆசிரியர் பயிற்சியை நல்லபடியாக முடித்தவள். போன இடத்தில் எல்லாம் சிரித்துப் பேசி, உட்கார வைத்து, "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். எவனும் சொல்லி அனுப்பவில்லை. காது கேட்காத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது வீடே மலர்ந்தது. தினமும் பள்ளிக்கு வர முடியாத தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ வழியாகப் பாடம் நடத்த ஒரு டீச்சர் வேண்டுமாம். நேர்முகத் தேர்வும் வீடியோவில்தானாம். அங்கேதான் எனக்கு எங்கள் நெட் ஞாபகம் வந்தது.

நமக்கென்றால் படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும், சமாளித்துவிடலாம். அவளுக்குப் படம்தான் குரல். படம் நின்றால் பாதி வாக்கியத்தில் வாயைப் பொத்தின மாதிரி.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் லிஃப்ட் பராமரிக்கும் ஒரு பெரிய ஆபீஸில் கேட்டு, நல்ல நெட்டோடு ஒரு அறைக்கே ஏற்பாடு செய்துவிட்டான். சிட்டு மாட்டேன் என்றுவிட்டாள்.

"பிள்ளைங்க எல்லாம் இந்த மாதிரி வீட்டிலிருந்துதானே பாக்கப் போறாங்க? நான் மட்டும் பளபளன்னு ஒரு ஆபீஸ்ல உக்காந்து வித்தை காட்டவா?" என்று கையால் வெடித்தாள்.

"வேலை கிடைச்சப்புறம் உன் நியாயத்தைப் பேசுடி!" என்றேன். கேட்கவில்லை. பிடிவாதம் யாருடையது என்கிறீர்கள்? என்னுடையதுதான்.

அன்று காலை அவள் அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "அண்ணி, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், இன்னைக்கு மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் என்ன செய்துவிடப் போகிறேன்? கட்டடம் முழுவதற்கும் ஒரே கேபிள் என்பதால் மாடிப்படியில் நின்று, பத்து மணியிலிருந்து யாரும் படம் பார்க்கக் கூடாது என்று ஒரே ஒரு அறிவிப்புக் கொடுத்தேன். ஏழு கதவு திறந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏழும் மூடிக்கொண்டது. பிறகு எங்கள் வீட்டு டிவி வயரைப் பிடுங்கினேன், தம்பி போனையும் என் போனையும் அணைத்தேன்.

லேப்டாப் முன்னால் சிட்டு உட்கார்ந்தாள். வெறும் கரும்பச்சை மேல்சட்டை. பூப்போட்ட துணி போட்டால் கை தெளிவாகத் தெரியாதாம். நான் கேமராவுக்குப் படாமல் பக்கத்து நாற்காலியில். வேலைக்குக் கிளம்ப வேண்டிய தம்பி கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான்.

திரையில் தலைமையாசிரியை வந்தார். அவருக்கும் காது கேட்காது. பக்கத்தில் இன்னொரு ஆசிரியை, அவருக்கும்தான். முதல் சில கேள்விகள் நன்றாகவே போயின. நெட்டுக்கு என்ன வந்ததோ, மரியாதையாக ஓடியது. அப்புறம் தலைமையாசிரியை, "எங்க பிள்ளை ஒருத்தி இப்ப வருவா. அவளுக்கு ஏதாவது ஒரு பாடம் நடத்துங்க" என்றார். மூன்றாவது கட்டம் ஒன்று திறந்தது. அதில் ஒரு சின்னப் பெண், பின்னால் கொடியில் துணி காய்ந்தது. எங்கள் படமே தேவலை என்கிற அளவுக்கு அது கலங்கலாக இருந்தது.

லிஃப்ட் எப்படி மேலே போகிறது என்பதை எடுத்துக்கொண்டாள் சிட்டு. வாசற்படியில் தம்பி நிமிர்ந்து நின்றான். அவள் கை விறுவிறுவென்று ஓட ஆரம்பித்ததுதான் தாமதம், வந்தது அந்தப் பாழாய்ப்போன வட்டம். குழந்தை நின்றது. தலைமையாசிரியை கண்ணை மூடியபடி நின்றார். சிட்டு ஒரு கையைத் தூக்கியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வேலையும் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு கேமராவுக்கு முன்னால் பாய்ந்தேன்.

"மேடம்! நெட்டுதான் சரியில்ல மேடம்! பொண்ணு தங்கம் மேடம்! எங்க வீட்டு நெட்டைப் பாத்துப் பொண்ணை எடை போட்டுடாதீங்க!"

முழுக் குரல். ஜன்னல் அதிர்ந்தது.

"அக்கா!" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அவங்களுக்குக் காது கேக்காதுக்கா!"

வாயை மூடினேன். ஆனால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த படத்தில் என் வாய் மூடவில்லை. வட்டம் விலகியபோது ஆசிரியைகள் இரண்டு பேரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அந்த அம்மா ரொம்ப நேரமா வாயைத் திறந்தபடியே இருக்காங்க. பல் டாக்டரை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

சிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நகரு. அப்பா பக்கத்துல போய் நில்லு. கையையும் அசைக்கக் கூடாது." போய் நின்றேன். என் வாழ்க்கையில் நான் பேச்சில்லாமல் கீழ்ப்படிந்தது அன்றைக்குத்தான்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். இப்போது கை ஓடவில்லை. இரண்டு முஷ்டியை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இது லிஃப்ட், இது கயிற்றின் மறுமுனையில் தொங்கும் கனம். அப்படியே அசையாமல் பிடித்திருந்தாள். வட்டம் வந்தது, சுற்றியது, போனது. அவள் அதே நிலையில் இருந்தாள். குழந்தை கட்டைவிரலை உயர்த்தியதும்தான் அடுத்ததற்குப் போனாள். ஒரு முஷ்டி மேலே, ஒரு முஷ்டி கீழே. மறுபடி அசையாமல் இருந்தாள். படம் எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், எங்கே நின்றாலும் அதில் பாடம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகித் தூரமாய்ப் போன தோழியோடு இவள் இதே நெட்டில்தான் வருடக்கணக்காகப் பேசுகிறாள். நடுநடுவே கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பாள். "என்னடி, பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி இருக்கே?" என்று நான் கேலி செய்வேன். அவர்கள் விளையாடவில்லை, இந்த ஓட்டை நெட்டுக்குத் தகுந்த மாதிரி ஒரு பேச்சு முறையையே உண்டாக்கி வைத்திருந்தார்கள். நான் கம்பெனிக்காரனிடம் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் காரியத்தைச் சாதித்திருக்கிறாள்!

பாடம் முடிந்தது. புரிந்ததா என்று கேட்டாள். குழந்தை தலையாட்டியது.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். சுற்றி இருப்பவர்கள் அவசரப்படுகிறார்களே என்று புரியாவிட்டாலும் ஆட்டுகிற தலை. சிட்டு எத்தனை வகுப்பில் அப்படி ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள்.

"தலையாட்ட வேண்டாம் கண்ணு. செஞ்சு காட்டு. எனக்கு அவசரமே இல்ல" என்றாள் சிட்டு.

குழந்தை இரண்டு முஷ்டியையும் சேர்த்து மேலே தூக்கியது. தப்பு. சிட்டு சிரித்தாள், முதலிலிருந்து காட்டினாள். மறுபடி வட்டம். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். படம் வந்தபோது குழந்தையின் ஒரு முஷ்டி மேலே இருந்தது, இன்னொன்று கீழே.

அதோடு விடவில்லை அந்தப் பொடிசு. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டது: "லிஃப்ட்ல யாருமே இல்லன்னா? கனம் தொப்புன்னு கீழ விழுந்துடாதா?"

"அடி சக்கை!" என்றான் என் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தலைமையாசிரியை பக்கத்து ஆசிரியையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை உயர்த்தினார். "இவ எங்ககிட்டச் சேந்து ரெண்டு வருஷம் ஆகுது. வீடியோவுல இவ தலையாட்டித்தான் பாத்திருக்கோம். கேள்வி கேட்டு இன்னைக்குத்தான் பாக்குறோம்" என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று மாடிப்படியில் போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. தம்பி என் தோளை அழுத்திப் பிடித்தான்.

தலைமையாசிரியை சிட்டுவின் பக்கம் திரும்பினார். "நீங்க எப்போ வந்து சேர முடியும்?"

எத்தனை வாசல் ஏறி இறங்கிக் காத்திருந்த கேள்வி! நாங்கள் இரண்டு பேரும் அவள் கையையே பார்த்தோம். சிட்டு ஒரு உள்ளங்கையைத் தலைமையாசிரியைக்கு நேராக உயர்த்தினாள். கொஞ்சம் பொறுங்கள் என்றாள். பிறகு குழந்தையின் கட்டத்தைப் பார்த்து, பிரேக் என்று ஒன்று உண்டு, அது எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்று முஷ்டியை இறுக்கிக் காட்டி, படம் போய்ச் சேரும்வரை அசையாமல் இருந்தாள். தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.