மூன்று குதிரைச் சவாரி

இரட்டைக் குதிரைச் சவாரிக்கே இடுப்பு முறியும். முடிச்சு மன்னனோ மூன்று குதிரையில் ஏறி உட்கார்ந்திருந்தார். வாத்தியக் குழுவில் வயலின், மாதம் ஒரு மர்ம நாவல், இவற்றுக்கு நடுவே பேத்தி. அந்தப் பட்டம் நாவல் வாசகர்கள் கொடுத்தது. வீட்டில் அவர் வெறும் அப்பா, தாத்தா.

"முடியலன்னா சொல்லிடுங்கப்பா. பாப்பாவக் குழந்தைகள் காப்பகத்துல விட்டுடறேன்" என்று போன வாரம் மகள் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. முடியாதா, அவருக்கா? அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகை, மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பேட்டி கேட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. மகள் அதை அச்சில் படித்துவிட்டால் காப்பகம் என்ற பேச்சே எழாது.

உண்மையில் அவர் சமாளித்தது கண்ணாமூச்சி விளையாட்டை வைத்துத்தான். ஐந்து வயதுப் பேத்தியைக் கூடத்தில் கண்ணைப் பொத்தி நிற்கவைத்துவிட்டு, தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். உள்ளே வயலின் கேட்டாலும் சரி, இருமல் கேட்டாலும் சரி, அவள் கண்டுபிடிக்கக் கூடாது. அதுதான் விதி! அவளும் பாவம், "தாத்தாவப் பாத்தீங்களா?" என்று பொம்மைகளை விசாரித்தே பொழுதை ஓட்டுவாள். கொலைக்குத் திட்டம் போட்டே பழகிய மூளைக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

பேட்டியன்று அவள், "இன்னிக்கு நான் ஒளியறேன். நீங்க கண்டுபிடிங்க தாத்தா" என்றாள்.

"நல்லா ஒளிஞ்சுக்கோ கண்ணு" என்றார். அப்பாடா என்றிருந்தது.

செய்தியாளர் பெண்ணை எழுது மேஜைக்கு எதிரே உட்காரவைத்து அவிழ்த்துவிட ஆரம்பித்தார்.

"சாயங்காலம் ஆச்சுன்னா எல்லாத்தையும் மூடி வெச்சுடுவேம்மா. பேத்தியோட பூங்காதான். ஊஞ்சல்ல வெச்சு ஆட்டிவிடுவேன். வரும்போது கதை சொல்லிட்டே வருவேன். என் கையப் புடிச்சுட்டுத்தான் நடப்பா."

அண்டப் புளுகு. ஆனாலும் சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது. செய்தியாளர் உருகிப்போனாள்.

"பேத்தியோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சார்?"

அப்போதுதான் அவருக்குப் பேத்தியின் ஞாபகமே வந்தது. கட்டிலடியில் பார்த்தார். கதவிடுக்கில், அலமாரியில், மொட்டை மாடியில் தேடினார். கூப்பிட்டும் பதில் இல்லை. அவர் நாவல்களில் வரும் துப்பறிவாளர் அறுந்த சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். "ஆளைத் தெரிந்தால் இடம் தெரியும்" என்று வசனம் வேறு பேசுவார். இந்தப் பிள்ளைக்கு எந்த மூலை பிடிக்கும், இருட்டென்றால் பயமா, இல்லையா? யோசித்துப் பார்த்தால் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெருவுக்குப் போயிருப்பாளோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

வாசலில் மகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"பாப்பா எங்கப்பா?"

"ஒளிஞ்சிருக்கா. தேடிட்டேம்மா, கெடைக்கல."

மகள் அறைக்குள் வந்து, "பாப்பா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். எழுது மேஜையின் விரிப்பு அசைந்தது. அடியிலிருந்து பேத்தி தவழ்ந்து வந்தாள். பேட்டி முழுக்க அவர் காலடியில்தான் இருந்திருக்கிறாள். உயிர் திரும்பி வந்தது போல அவர் அவளை அள்ளிக்கொண்டார்.

"நான்தான் ஜெயிச்சேன்!" என்றவள், அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "நீங்க பேசினதெல்லாம் கேட்டேன் தாத்தா. பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறீங்களே, அந்தப் பேத்தி யாரு?"

செய்தியாளரின் பேனா நின்றது. மகள் அப்பாவைப் பார்த்தாள். விதவிதமாக முடிச்சு அவிழ்த்த மனிதர் பேத்தியின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

குழந்தைக்கோ அந்த இன்னொருத்தி மேல் துளிப் பொறாமை இல்லை. விளையாட ஆள் கிடைத்த சந்தோஷம்தான்.

"நாளைக்கு நானும் வரட்டா தாத்தா? உங்க கைய அவளே புடிச்சுக்கட்டும். நான் பின்னாடியே நடந்து வரேன்."