பெயர் சொல்லாத ஒரு குடும்பம்

வடக்குப்பட்டு சபையில் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் தொடங்கும்போது முதலில் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். யாருக்கு என்ன கஷ்டமோ, எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒருவர் மூட்டுவலி என்பார். ஒருவர் தம்பியோடு வேலித் தகராறு என்பார். ஒரு பெண் மாமியாரைக் கண்ணால் மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கடைசியாகப் போதகர் அன்பு, "யாக்கோபு ஐயா, உங்க வீட்டுக்கு?" என்று கேட்பார்.

யாக்கோபு எழுந்து, ஏற்கெனவே நிமிர்ந்திருக்கும் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்துவார். "எங்கள் வீட்டுக்கு ஸ்தோத்திரம் மட்டும்தான் பாஸ்டர்" என்பார். அந்த வாரத்துக்கு ஆண்டவருக்கு விடுப்பு அனுமதித்தது போன்ற குரலில் சொல்வார்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கம்பத்தில் ஏறுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். கம்பம் போல் நிற்பதை மட்டும் நிறுத்தவில்லை. சபையின் மூப்பர். கூட்டத்தை முடிக்கிற ஜெபம் எப்போதும் அவருடையது. அந்த ஜெபத்தில் வருகிற தமிழைக் கேட்டால், இதை ஆண்டவர் அகராதி இல்லாமல் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று அவர் மனைவி கங்காவுக்கே சந்தேகம் வரும். தம் குடும்பத்தில் ஒருவர் தலைகூட என்றைக்கும் தெருவில் தாழ்ந்ததில்லை என்பது யாக்கோபுவின் கணக்கு. அதைச் சரிபார்க்க அவர் யாரையும் விட்டதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான், பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில், மகன் ஜோயல் மத்தியானமே திரும்பி வந்து வாசலில் நின்றான். ஒரகடத்தில் காருக்கு சீட் தைக்கிற கம்பெனியில் லைன் லீடராக இருந்தவன்.

"கம்பெனிய மூடிட்டாங்கப்பா" என்றான்.

மகனுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். காலையில் சாப்பிட்டது செரித்துக் கண் உள்ளே போயிருந்தது. அவனைப் பார்த்து யாக்கோபு கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"யாருக்குனா தெரியுமா?"

அதன் பிறகு அவரே ஒரு திட்டம் போட்டார். வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் ஜோயல் வழக்கம்போல் காலையில் பச்சைச் சட்டை யூனிபாரம் மாட்டிக்கொண்டு, ஐடி கார்டு தொங்கக் கிளம்பிவிட வேண்டும். ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குத் திரும்ப வேண்டும். இடையில் வேலை தேடிக்கொள்ளலாம். ஊர் வாயில் விழ வேண்டாம். ஜோயல் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசாத பிள்ளையை வளர்த்திருக்கிறோம் என்று யாக்கோபு அன்றைக்குப் பெருமைகூடப் பட்டார்.

தினமும் காலையில் வாசலில் நின்று, மகன் தெருமுனை திரும்புகிற வரை பார்ப்பார். பச்சைச் சட்டை கண்ணை விட்டு மறைந்ததும் குடும்ப மானம் அன்றைக்குக் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று உள்ளே போய்க் காபி குடிப்பார்.

ஜோயலின் பேச்சு குறைந்தது. பிறகு சோறு குறைந்தது. பிறகு தூக்கம் போயிற்று. யாக்கோபு அதையெல்லாம் ஓவர்டைம் பார்க்கிற பிள்ளைகளுக்கு வருகிற அசதி என்று நினைத்தார். தாம் போட்ட நாடகத்தைத் தாமே நம்பும் அளவுக்கு நல்ல பார்வையாளராக அவர் ஆகியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருமகள் பிரவீனா எதிரில் வந்து நின்றாள். மாமனாரிடம் நேராகப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"மாமா, ஒண்ணு சொல்லணும். அவரு வேலை தேடப் போறதில்ல. ரோட்டோரமா நின்னுக்கினு போற வர்ற கன்டெய்னர் லாரியையே பாத்துக்கினு கீறாராம். ரொம்ப ஓரமா போய் நிக்கறாராம். இட்லிக் கடை அக்கா ரெண்டு தபா கையப் புடிச்சு இஸ்தாங்களாம்."

யாக்கோபு எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார்.

"எனக்குப் பயமா கீது மாமா. இன்னிக்கு சபையில சொல்லுங்க. எல்லாரும் ஜெபிக்கட்டும்."

"நாமே வீட்டில் ஜெபித்துக்கொள்ளலாமே" என்றார்.

உள்ளேயிருந்து கங்காவின் குரல் வந்தது. "வூட்ல நீங்க ஜெபிச்சா, எங்களுக்குக் கொட்டாவிதாங்க வருது. போய்ச் சொல்லுங்க."

சொல்வதென்று முடிவு செய்துகொண்டுதான் போனார். ஆனால் போகிற வழியில் அந்த முடிவுக்கு ஒரு முக்காடு போட்டார். போதகர் வழக்கம்போல், "உங்க வீட்டுக்கு ஐயா?" என்றதும் எழுந்தார்.

"எங்கள் வீட்டுக்கு ஸ்தோத்திரம் மட்டும்தான். ஆனால் ஒரு குடும்பத்துக்காகக் குறிப்பு சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்த வீட்டு வாலிபனுக்கு வேலை போய்விட்டது. மனம் சோர்ந்திருக்கிறான்."

"எந்த ஊருண்ணே?" என்றாள் கன்னியம்மா. பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை போட்டிருப்பவள். புருஷன் நோயாகக் கிடந்தபோது சபைக்கு வரத் தொடங்கியவள். ஆண்டவரிடமும் கடை வாடிக்கைக்காரரிடமும் ஒரே மாதிரிதான் பேசுவாள்.

யாக்கோபு வாய்க்கு வந்த ஒரு பக்கத்து ஊரைப் பிடித்துக்கொண்டார். "சேரப்பணஞ்சேரி பக்கம்" என்றார்.

கோவிலில் நின்று பொய் சொல்லியாயிற்று. சொன்ன பிறகுதான் அது பொய் என்பதே உறைத்தது. கதவோரம் உட்கார்ந்திருந்த ஜோயல் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். முதலில் மதிவதனி ஜெபித்தாள். செல்போன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற பெண். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள்.

"ஆண்டவரே, அந்த சேரப்பணஞ்சேரி அண்ணனுக்கு உதவி செய்யுங்க. எங்க கம்பெனில அடுத்த மாசம் ஆள் எடுக்கறாங்க ஆண்டவரே. அந்த அண்ணன் பயோடேட்டா குடுத்தாக்கா நானே எங்க ஹெச்.ஆர். கைல குடுத்துடுவேன். அண்ணன் எங்கிட்ட கேக்கறதுக்கு வெக்கப்படாம இருக்க, தைரியத்தைக் குடுங்க ஆண்டவரே."

"ஆமென்" என்றார் யாக்கோபு. நல்ல பெண், முகம் தெரியாத ஒருவனுக்காக இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்தது கன்னியம்மா.

"ஏசப்பா, அந்தச் சேரப்பணஞ்சேரிப் புள்ள தெனம் காலீல நம்ம பஸ் ஸ்டாப்புல வந்து நிக்குது."

யாரோ இருமலை அடக்கினார்கள்.

"அந்தக் கம்பெனி மூடினதுலருந்து அவங்க பஸ்ஸே இந்தப் பக்கம் வர்றதில்ல. வராத பஸ்ஸுக்குப் புள்ள பச்சச் சட்டைய மாட்டிக்கினு நிக்குது. இட்லி குடுத்தா, 'கம்பெனில டிபன் கீதுக்கா'ன்னுது. எங்களுக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியும். அதுக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும். அதுங்கப்பா ஒருத்தருக்குத்தான் தெரியாது."

"ஆமென்" என்றார் யாக்கோபு. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. செவி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

மூடின கம்பெனி பஸ் அனுப்பாது. மின்சாரம் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று ஆயுசு முழுக்கப் பார்த்த மூளைக்கு இந்தச் சின்ன விஷயம் எட்டவில்லை. மானத்தை மறைப்பதற்கென்று மகனைத் தினமும் யூனிபாரத்தோடு ஊர் நடுவே நிறுத்தி வைத்து, வேலை போய்விட்டது என்று தட்டி கட்டாத குறையாக அறிவித்தது அவரேதான்.

கன்னியம்மா முடிப்பதாக இல்லை.

"அந்தப் பெரிய மனுசன் நல்ல மனுசன்தான் ஏசப்பா. எங்க வூட்டுக்காரர் செத்தப்ப ராவோட ராவா வந்து நின்னது அவருதான். அடுத்தவங்க கஸ்டத்துக்கு ஓடுவாரு. தன் வூட்டு கஸ்டத்த மட்டும் உங்கிட்டயே சொல்ல மாட்டாரு. உன்னியே வாசல்ல நிக்கவெச்சு, ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பிடறாரு. நீ அவரக் கேக்காத. நேரா உள்ள பூந்துடு. ஆமென்."

"ஆமென்" என்றது சபை. அதில் கங்காவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

இனி முடிவு ஜெபம். யாக்கோபு தொண்டையைச் செருமிக்கொண்டார். எழுந்து போய்விடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. முழங்காலில் நிற்பவன் கோபித்துக்கொண்டு வெளியேறுவது எவ்வளவு அசிங்கமான காட்சி என்பதும் உடனே தோன்றியது.

"சர்வத்தையும் சிருஷ்டித்து, நித்திய கிருபையினால் எங்களைத் தாங்கிவரும் பரிசுத்த பிதாவே" என்று தொடங்கினார். அந்தப் பாதையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பார். "சோர்ந்துபோயிருக்கும் அந்தக் குடும்பத்தை உமது சமூகத்தில்..."

நின்றுவிட்டது. அடுத்த சொல் இருந்த இடத்தில் ஒரு கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் பச்சைச் சட்டை.

போதகர் எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஆண்டவரே" என்றார் யாக்கோபு. குரல் வேறாக இருந்தது. "எம் புள்ள ஜோயலு. அவனுக்கு வேலை போச்சு. வூட்டுக்கு வந்து சொன்னான். சாப்டியாடான்னு நான் கேக்கல. யாருக்குனா தெரியுமான்னு கேட்டேன். அவன் தூங்கி ரொம்ப நாளாச்சு. எனக்குப் பயமா கீது. எனக்கு ஒண்ணும் தெரியல ஆண்டவரே. நீரே பாத்துக்கும். எம் புள்ளைய எங்கிட்ட உட்டுடும்."

ஆமென் சொல்ல மறந்துவிட்டார். சபையே அதைச் சொல்லி முடித்து வைத்தது.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே வேலை பார்ப்பவனுக்கு அதன் இரைச்சல் காதில் விழாது. சப்ளையை நிறுத்தும்போதுதான், இவ்வளவு நேரமும் ஏதோ இரைந்துகொண்டிருந்தது என்று தெரியும். யாக்கோபுவுக்குள் அப்படி ஒன்று நின்றது. வேலை கிடைத்துவிடவில்லை. கம்பெனி திறந்துவிடவில்லை. ஊரெல்லாம் தெரிந்துபோயிருந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் அத்தனை அமைதி. யாரோ பக்கத்தில் வந்து பாய் போட்டு உட்கார்ந்தது போல இருந்தது. அழைத்து வந்தது தாம் இல்லை என்பதும் தெரிந்தது.

எல்லாரும் எழுந்தார்கள். யாக்கோபு எழவில்லை. பக்தியால் அல்ல. முட்டி பிடித்துக்கொண்டது.

ஜோயல் பக்கத்தில் வந்து நின்றான். "கையக் குடுங்கப்பா."

"நானே எழுந்துப்பேன்."

"எழுந்துக்கோங்க, பாக்கலாம்."

யாக்கோபு முயன்றார். நாற்காலி ஒன்றைப் பிடித்தார். அது அவரைவிட முதலில் சாய்ந்தது. கடைசியில் கையை நீட்டினார்.

மகன் இரண்டு கைகளாலும் தூக்கி நிறுத்தினான். கண் சிவந்திருந்தது. "சேரப்பணஞ்சேரிலருந்து நடந்தே வந்தீங்களா, முட்டி இப்பிடிக் கீது" என்றான்.

பொங்கலுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல். யாக்கோபு அவன் தோளைப் பிடித்த பிடியை வீடு வரைக்கும் விடவில்லை. முட்டிக்காகத்தான் என்று வழியில் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் விடிந்து வெகு நேரமாகியும் ஜோயல் எழுந்திருக்கவில்லை. யாக்கோபு மெதுவாகக் கதவைத் தள்ளிப் பார்த்தார். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, சின்ன வயசில் தூங்குவது போலவே தூங்கிக்கொண்டிருந்தான். பச்சைச் சட்டை ஆணியில் தொங்கியது. பிரவீனா உதட்டில் விரல் வைத்தாள். யாக்கோபு அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தார். இத்தனை நாளும் மானத்துக்குக் காவல் நின்ற அதே இடம்.

அப்போது காய்கறி ஏற்றிய குட்டியானை வண்டி தெருவுக்குள் வந்தது. கூம்பு ஒலிபெருக்கியில், தக்காளி, வெங்காயம் என்று தெருவே அதிர்ந்தது. யாக்கோபு கையைக் காட்டினார். வண்டிக்காரன், காய் வேண்டும் போல என்று இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"சத்தத்த நிறுத்துப்பா" என்றார்.

"இன்னா பெரியவரே, கேக்கல."

"நிறுத்துன்னேன். என் பையன் தூங்கறான்."

"இந்நேரத்துக்கா? இன்னா, நைட் ஷிஃப்டா?"

யாக்கோபு நாற்காலியிலிருந்து எழுந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. ஒலிபெருக்கியை மிஞ்ச வேண்டியிருந்ததால், மின்வாரியக் காலத்தில் கம்பத்து உச்சியில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல் வந்தது.

"இல்ல. அவனுக்கு வேலை போயிடுச்சு. தூங்கட்டும்."

வண்டிக்காரன் ஒலிபெருக்கியை அணைத்தான். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், குழாயடியில் நின்றவர்கள், எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். யாக்கோபு ஒவ்வொருவரையும் நேராகப் பார்த்தார். வடக்குப்பட்டில் உண்மையை இவ்வளவு கம்பீரமாகச் சொல்ல வேறு ஆள் உண்டா என்று உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. அதையும் ஆண்டவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து கங்கா எட்டிப் பார்த்தாள்.

"உங்க சத்தத்துல புள்ள பொரண்டு படுக்குது. ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சாச்சுன்னா உள்ள வாங்க, காபி ஆறுது."