இடது கன்னம்

"ரேசரை இங்க குடு. நானே பண்ணிக்கறேன்," என்று அப்பா கையை நீட்டினார். கை நடுங்கியது. அதில் ரேசரைக் கொடுத்தால், ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன காரணத்தால் அவர் சாக மாட்டார் என்று மகனுக்குத் தோன்றியது.

"நேத்து நீங்களே பண்ணிக்கிட்ட லட்சணத்தைக் கண்ணாடியில பாருங்க."

மோவாயில் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நீ ஆரம்பிப்ப. பாதியில விட்டுட்டுப் போயிடுவ."

அந்த வீட்டில் இது பழைய குற்றச்சாட்டு. ஆதாரங்களும் உண்டு. வாசல் கேட்டில் ஒரு கதவுக்கு மட்டும்தான் பச்சை வண்ணம். நீச்சல் வகுப்பு, மூச்சடக்கக் கற்றதோடு சரி. உளவியல் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தில் வெளியே வந்தவன், இப்போது வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறான். "இனி வீட்டிலேயே வெச்சுக்குங்க" என்று டாக்டர் அப்பாவை அனுப்பியதிலிருந்து லீவில் இருக்கிறான்.

அக்காவின் மகள் கட்டிலருகே உட்கார்ந்து இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் உதவக் குனிந்தான்.

"நானே!" என்று கத்தினாள்.

"பாத்தீங்களா? பேத்தியும் நீங்களும் ஒரே கேஸ். புத்தகத்துலயே இருக்கு. மனுஷனுக்கு மொத்தம் எட்டுக் கட்டம். இவ ரெண்டாவதுல இருக்கா. எதை எடுத்தாலும் நானே, நானே."

"எட்டு மாடியா?" அப்பா லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தொழில் பேச்சு வந்ததும் குரல் தெளிந்தது. "நீ எதுல நிக்கற?"

"அஞ்சு. நான் யாரு, என்ன பண்ணப் போறேன்னு முழிக்கற கட்டம். மீசை முளைக்கறப்ப வரும்."

"அடப்பாவி, முப்பது தாண்டியும் அங்கேயேவா? கதவு தொறக்கலையா?"

"கரண்ட் போயிடுச்சு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும். அவன் முதுகைத் தாங்கிப் பிடித்தான். முதுகில் எலும்பைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை.

"நடுவுல நின்னா ஒண்ணும் ஆகாது," என்றார் மூச்சு வாங்கி. "உள்ள இருக்கறவன் பயந்து குதிச்சாத்தான் வம்பு. எட்டாவதுல என்ன இருக்கு?"

"அந்தப் பாடம் வர்றதுக்குள்ள காலேஜை விட்டுட்டேன்."

"அதானே பார்த்தேன்."

"ஆனா கேள்விப்பட்டிருக்கேன். திரும்பிப் பாத்து, பரவால்ல, ஒழுங்காத்தான் வாழ்ந்திருக்கோம்னு தோணணும். இல்லன்னா கசப்பு."

"எனக்குக் கசப்புன்னா உங்க அக்கா போடற காப்பிதான்."

"காதுல விழுது!" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து. "இனிமே உங்களுக்கு வெந்நீர்தான்!"

அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். "சரி, முதல் மாடி?"

"கைக்குழந்தை. தூக்கறவங்க கீழ போட்டுட மாட்டாங்கன்னு நம்பணும். அவ்வளவுதான்."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து கேட்டின் பச்சைப் பாதி தெரியும். வேலையில் யாராவது ஒரு ஸ்பேனரை இரவல் கேட்டால்கூட, கொடுக்காமல் தானே வந்து திருகிவிட்டுப் போகிற மனிதர். தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்தை நீட்டிக் கொடுத்தார்.

"சரி. பண்ணு."

அவன் இரண்டு கன்னத்திலும் நுரை பூசினான். குழந்தையும் டப்பாவில் விரலைவிட்டுத் தன் கன்னத்தில் பூசிக்கொண்டது. வலது காதோரத்தில் ஆரம்பித்து மெதுவாகக் கீழே இறங்கினான்.

"எரியுதாப்பா?"

"ம்ஹூம்." கொஞ்சம் கழித்து, "கை நிதானமாத்தான் இருக்கு உனக்கு," என்றார்.

அவருடைய பாராட்டை வாங்கி அவனுக்குப் பழக்கமில்லை. ரேசரைக் கிண்ணத்தில் தேவைக்கு அதிகமாக அலசினான்.

"தலையை அந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பவில்லை.

"அப்பா."

தூங்கிவிட்டார் என்று நினைத்தான். நெஞ்சு எழும்பக் காத்திருந்தான். ரேசரிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடது கன்னத்து நுரை மட்டும் சின்னச் சின்னக் குமிழாக உடைந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றான், கத்தாமல்.

மத்தியானம் அவரை எடுத்துப்போக வண்டி வந்தது. அழுது வீங்கிய முகத்தோடு அக்கா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் மழமழவென்று, ஒரு பக்கம் காய்ந்த நுரையோடு. திடீரென்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஆயுசுக்கும் உன்னைச் சொல்லிக் காட்டினாரு. கடைசியில பாதியில விட்டுட்டுப் போனது யாருடா?"

அவனும் சிரித்தான். மூக்கு ஒழுகியது. சட்டையில் துடைத்தான்.

"துடைச்சு மட்டும் விட்டுடு, போதும். வண்டிக்காரர் நிக்கறாரு."

"நிக்கட்டும். வெந்நீர் கொண்டா."

இனிமேல் வெந்நீர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள்.

அவன் அப்பாவின் தலையைத் தானே திருப்பினான். சுலபமாக வந்தது. புதிதாக நுரை பூசி, காதோரத்தில் ஆரம்பித்து, மெதுவாகக் கீழே. முடித்தபோது குழந்தை, இன்னமும் கால் மாறிய செருப்போடு, துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நானே," என்றாள்.

கட்டிலில் ஏற்றிவிட்டான். தாத்தாவின் கன்னத்தையும் மூக்கையும் அழுத்தித் துடைத்தாள்.

வாசலில் ஹார்ன் அடித்தது. இடது காதுக்குக் கீழே ஒரே ஒரு முடி தப்பியிருந்தது. அவன் மறுபடியும் நுரை எடுத்தான்.