ஸ்பீக்கருக்குக் கட்டிய பட்டு

"பழனி, பாட்டு கம்பளிக்குள்ளேர்ந்து வருதுபா," என்று பரமசிவம் அண்ணன் என் ரேடியோ கடைக்கு வந்து சொன்னதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

மனிதர் பெரிய காஞ்சிபுரத்தில் நான்கு பட்டுத் தறி ஓட்டுகிறவர். எழுபத்து மூன்றாம் வருடம் மெட்ராஸில் யார் வீட்டிலோ ஸ்டீரியோ கேட்டுவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்று ஆறு மாதம் என் உயிரை வாங்கினார். சீமை ஸ்பீக்கர் இரண்டு, அதற்குத் தோதாக வால்வு ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு பிளேயர் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தேன். எட்டு ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு அதே எட்டு ஓம் ஆம்ப்ளிஃபையர்தான் சேரும். கல்யாணப் பொருத்தம்கூட யாரும் அவ்வளவு பார்க்கமாட்டார்கள். தேக்குப் பெட்டிக்குள் பொருத்தி, முகப்பில் மெல்லிய சல்லாத் துணி கட்டி, அவர் வீட்டுக் கூடத்தில் பாடவிட்டபோது நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பன்னிரண்டு வருடமாகத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கூம்பு ஸ்பீக்கர் கட்டி ஊர்க் காதைக் கிழித்தவன் நான். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு வாத்தியத்தை வாத்தியமாகக் கேட்கவைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பதினைந்து நாளில் கம்பளியாம்!

"வெள்ளிக்கெழம ஆரணிலேர்ந்து சம்பந்தி வராரு. இத கேக்கத்தான் வராரு. சரியாவலன்னா பொட்டிய எடுத்துக்கினு போய்டு, ஆமா."

வேறு ஊசி கொடுத்தனுப்பினேன். வேறு ஒயர் கொடுத்தனுப்பினேன். ஆம்ப்ளிஃபையரைக் கடைக்கு வரவழைத்து வால்வுகளை மாற்றினேன். கடையில் தேனாகப் பாடியது, அவர் வீட்டுக்குப் போனதும் கம்பளி. வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்று இந்த மேதைக்கு வியாழக்கிழமைதான் தோன்றியது.

போனால், இரண்டு பெட்டிகளும் பட்டு கட்டிக்கொண்டு நிற்கின்றன. அரக்கு நிறம், நாலு விரல் ஜரிகைக் கரை. இடது பெட்டியில் ஓர் அன்னப்பட்சி வலப்பக்கம் பார்க்கிறது, வலது பெட்டியில் ஒன்று இடப்பக்கம் பார்க்கிறது.

"யார் வேலை இது?"

"நான்தான் நெய்ஞ்சேன்," என்றார் அண்ணன் சம்சாரம் கமலவேணி அண்ணி. "நீ கட்டின துணிய பாத்தேன். இந்தாண்டேர்ந்து பாத்தா அந்தாண்ட தெரியுது. நெசவு செய்ற வூட்ல கொசுவலய மாட்டி வெப்பாங்களாபா? மானம் போவுது."

"அண்ணி, அதுல காத்து பூந்து வந்தாதான் சத்தம் வரும்."

"என் துணில காத்து பூராது. மூணு இழ பட்டு. இருவது வருசமா நெய்யறேன், ஒருத்தர் கொற சொன்னதில்ல."

அதுதான் சிக்கலே. நெருக்கம் அதிகம், நெசவு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இந்த ஊரில் எந்த வாயால் குறை சொல்வது? நான் சொல்லவில்லை. இடது பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கிப் பட்டைக் கழற்றினேன். நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டு, முதலில் பட்டு கட்டிய பெட்டியை மட்டும் பாடவிட்டேன், பிறகு கட்டாததை மட்டும். அண்ணி தரையில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டார். திரும்பப் போடச் சொல்லி இன்னொரு முறை கேட்டார். முகம் சுண்டிப்போய் எழுந்து தறிக்குப் போய்விட்டார். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

அண்ணன் ரகசியமாகச் சொன்னார்: "கொக்கி வெச்சி மாட்டிடு. நாம கேக்கசொல்ல அவுத்துக்கலாம். நாளைக்கு மட்டும் துணி இருக்கட்டும்பா. ராப்பகலா நெய்ஞ்சிருக்கா."

"நாளைக்குப் பாட்டு?"

"சத்தத்த கூட்டி வெய்."

பெரியவராகப் போய்விட்டார், இல்லாவிட்டால் கேட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி பஞ்சாட்சரம் குடும்பத்தோடு வந்தார். அவரும் பட்டு நெசவுக்காரர். ஆம்ப்ளிஃபையர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராகப் பெட்டியிடம் போய், துணியை இரண்டு விரலால் தடவினார். கொக்கியை விலக்கிப் பின்பக்க முடிச்சைப் பார்த்தார். ஜரிகை சூரத்திலிருந்து வந்ததா என்று கேட்டார். கூட வந்தவர்களும் வரிசையாக வந்து தடவினார்கள். நான் அரைமணி நேரம் ரெக்கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

கடைசியில் சம்பந்தி என்னைப் பார்த்தார். "தம்பி, எங்க வூட்டுக்கும் இதேமாரி ரெண்டு பொட்டி வோணும். துணிய நாங்களே நெய்ஞ்சிக்கறோம். உள்ள ஏதாவது வெச்சே ஆவணுமா, இல்ல வெறும் பொட்டியா குடுத்தாலும் போதுமா?"

ரத்தம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி எழுந்தார். இரண்டு பெட்டியிலிருந்தும் பட்டைக் கழற்றினார். கரை மேல் கரை வைத்து மடித்து, சம்பந்தி மடியில் கொண்டுபோய் வைத்தார்.

"துணி எங்கயும் போவாது சம்பந்தி. மடிலயே வெச்சிக்கினு எத்தினி நாழி வோணும்னாலும் பாருங்க. வாய மட்டும் தொறக்காதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ போடுப்பா."

ஊசி ரெக்கார்டின் ஓரத்தில் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவது கேட்டது. சம்பந்தி பட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாத்தியாருக்குப் பயந்த பையன் மாதிரி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.