மூக்கனின் காலைச் சுற்று

இந்த வருடம் வந்த ஆறாவது வெளிநாட்டுக் கம்பெனி அது. முந்தைய ஐந்தும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, துறைமுக ஓரத்து அம்மோனியா தொட்டியின் முன் படம் எடுத்துக்கொண்டு, "பெரிய வாய்ப்பு" என்று சொல்லிவிட்டுப் போயின. பிறகு ஒரு கடிதம்கூட வரவில்லை. இவர்களாவது தொட்டியைக் குத்தகைக்கு எடுக்காவிட்டால் மாதக் கடைசியில் கிடங்குக்குப் பூட்டு.

"பச்சை அம்மோனியாங்கறாங்களே, பச்சையாவா இருக்கும்?" என்று மேனேஜர் காலையில் கேட்டார்.

"வெயில்லயும் காத்துலயும் எடுத்த கரண்டை வச்சு செய்வாங்களாம் சார். மத்தபடி இதே சனியன்தான், இதே நாத்தம்தான்."

சொன்னவர் இருபத்திரண்டு வருட ஆபரேட்டர். எல்லோருக்கும் மூக்கன். கசிவு காட்டும் கருவிகள் இரண்டும் பழுதாகி வெகுகாலம் ஆயிற்று. யாரும் மாற்றவில்லை. மூக்கன் ஒரு சுற்று நடந்து "சுத்தம்" என்றால் பதிவேட்டில் சுத்தம் என்று எழுதுவார்கள். போன வருடக் காய்ச்சலோடு அவருக்கு மணம் தெரியாமல் போனது யாருக்கும் தெரியாது. இன்றும் நடந்தார். "சுத்தம்" என்றார். தினமும் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே அலுத்துவிட்டிருந்தது.

கம்பெனியிலிருந்து வந்தவர்கள் இருவர். கூடவே மொழிபெயர்க்க வந்தவள் மூக்கனின் கொழுந்தியாள். பம்ப் அருகே வந்ததும் வெளிநாட்டுப் பெண் இன்ஜினியர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏதோ கேட்டார்.

"ஏதாவது கசியுதான்னு கேக்குறாங்க."

"இல்லைன்னு சொல்லும்மா," என்றார் மேனேஜர்.

அவள் சொல்லவில்லை. அவள் கண்ணிலும் நீர். மூக்கன் கம்பத்தில் ஆடும், திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்தார். காற்று பம்பிலிருந்து இவர்கள் பக்கம்தான் வீசியது.

"எல்லாரும் அந்தப் பக்கம் போங்க."

சட்டைப்பையிலிருந்து கந்தகத் திரியை எடுத்துப் பற்றவைத்து வால்வுக்குக் கீழே நீட்டினார். அம்மோனியா இருந்தால் அந்தப் புகை வெளுக்கும். பஞ்சுபோல வெளுத்து எழுந்தது. பம்பை நிறுத்தி, குழாயை அடைத்துவிட்டு வந்தார்.

"என் மூக்கு செத்து ஒரு வருஷம் ஆச்சுன்னு அவங்ககிட்ட சொல்லு."

"அத்தான்... இதையுமா?"

"மானம் கப்பலேறியாச்சு. மிச்சத்தையும் ஏத்திடு."

சொன்னாள். இன்ஜினியர் நிதானமாக ஏதோ கேட்டார்.

"உங்க மூக்கை நம்பி எத்தனை பேர் இருக்காங்கன்னு கேக்குறாங்க."

"எல்லாரும்."

அவர்கள் படம் எடுக்கவில்லை. "பெரிய வாய்ப்பு" என்றும் சொல்லவில்லை. கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். பன்னிரண்டு இடங்களில் கருவி வைக்க வேண்டும், வைத்தபின் குத்தகை பற்றிப் பேசலாம் என்றிருந்தது.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். "ஆறு பேர்ல இவங்கதான் ஒரு காகிதமாவது விட்டுட்டுப் போயிருக்காங்க. உன்னைத் திட்டணும்யா. அதுக்குக்கூட தெம்பில்ல."

மூக்கன் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். கொழுந்தியாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"நேத்து பால் அடிப்பிடிச்சு வீடெல்லாம் தீஞ்ச நாத்தம் அடிச்சிருக்கும். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிட்டு பேப்பர் படிச்சிட்டிருந்தேன். அவ வந்து அடுப்பை அணைச்சா. என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. ஒண்ணும் கேக்கல."