ஸ்டியரிங் தானாகத் திரும்புமா?

1

இந்தக் கதை முத்துக்குளிப்பைப் பற்றி இருந்திருக்க வேண்டும். தூத்துக்குடி என்றாலே முத்துதான் என்று நம்புகிற ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். 'மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்தில் இறங்கியவன்' என்று ஆரம்பித்தும் விட்டேன். இறங்கியவன் மேலே வரவே இல்லை. இந்த நேரம் பார்த்து என் ஸ்கூட்டர் பிரேக் மக்கர் பண்ணியது. துறைமுகச் சாலைப் பக்கம் மாரிராஜின் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒரு சின்ன லோடு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசாமல், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படி நிற்பவர்கள் கணவன் மனைவியாகத்தான் இருக்க முடியும்.

அன்று என் காதில் விழுந்தது பாதி. மீதி நான் சேர்த்தது. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: 'உப்பு மூட்டையைப் போல வெளுத்திருந்த வானத்தின் கீழே ஜெபிஷா...'

வேண்டாம். மூட்டை அழுக்காகத்தான் இருக்கும்.

இரண்டாவது: 'வண்டிச் சாவி கிங்ஸ்டனின் சட்டைப்பையில் இருந்தது.' இது பரவாயில்லை. சண்டையே இந்தச் சாவிக்குத்தான்.*

(* சாவி என்ற சொல் போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்து இறங்கியது. இறங்கிய நாளிலிருந்து பெரும்பாலும் ஆண்களின் சட்டைப்பையில்தான் இருக்கிறது.)

கிங்ஸ்டன் பல வருடம் விசைப்படகில் ஸ்டியரிங் பிடித்தவர். நடுவில் கடலை விட்டுவிட்டு இந்த வண்டியை வாங்கி, மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி விளாத்திகுளத்தில் விற்றார். விற்றார் என்று எழுதியது தப்பு. விற்றது அவர் மனைவி ஜெபிஷா. கிங்ஸ்டன் வண்டியிலேயே காலை நீட்டித் தூங்குவார். இப்போது பழைய படகுக்காரர் திரும்பக் கூப்பிட, அவருக்குக் கடல் ஆசை வந்துவிட்டது. ஜெபிஷா லைசென்ஸ் எடுத்துவிட்டாள். இனி வண்டியும் வியாபாரமும் அவள் பொறுப்பு என்று பேச்சு.

ஒத்திகை பார்க்கப் போன அன்று, உப்பளத்தை ஒட்டிய திருப்பத்தில் அவள் வளைத்த ஸ்டியரிங் வளைத்தபடியே நின்றது. வண்டி போய்ப் பாத்தி வரப்பில் ஏறி நின்றது.

"வளைக்கத் தெரிஞ்ச ஒனக்கு நிமித்தத் தெரியலியே" என்றார் கிங்ஸ்டன்.

"அதுவா திரும்பலங்க. டிரைவிங் ஸ்கூல் வண்டில கைய லேசா விட்டாப் போதும், வீல் தன்னால நேரா வந்துரும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏளா, எந்த ஊர்ல ஸ்டியரிங் தானா திரும்புது? நாமதான் திருப்பணும்."

சாவியை உருவிப் பையில் போட்டவர், சாயங்காலமே வண்டியை விற்க ஆள் பார்த்துவிட்டார். வண்டி போனால் விளாத்திகுளமும் போச்சு. சந்தையில் தன் பெயரைச் சொல்லித் தேடி வருகிற முகங்களையெல்லாம் ஜெபிஷா நினைத்துப் பார்த்தாள். அதைவிட ஒன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் கை உணர்ந்ததை அவர் சிரித்துத் தள்ளிய விதம்.

"விக்கதுக்கு முன்னால ஒரு மெக்கானிக்குட்ட காட்டுவோம். கோளாறு இல்லன்னு அவரு சொல்லட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றாள்.

3

முதல் பிரதியில் கிங்ஸ்டனை ஒரு முரடனாக எழுதியிருந்தேன். 'அவர் கண்கள் சிவக்க' என்று ஒரு வரி. அடித்துவிட்டேன். நான் பார்த்த மனிதர், பட்டறைக்கு டீ வந்ததும் ஒரு கிளாஸிலிருந்த பாலாடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு டீயை ஜெபிஷாவிடம் நீட்டினார். அவளுக்கு ஆடை ஆகாது என்று தெரிந்தவர். சண்டைக்கு நடுவிலும் அது மறக்காதவர். அப்படிப்பட்டவர் அவள் சொன்னதை ஏன் நம்பவில்லை? எனக்கு விளங்கவில்லை. விளங்காத ஆளை வைத்துக்கொண்டு கதையை எப்படி நகர்த்துவது என்று அப்படியே போட்டுவிட்டேன்.

[இந்த இடத்தில் முத்துக்கே திரும்பிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.]

4

மாரிராஜை எல்லாம் அறிந்த ஞானியாக்கிவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவலைப்பட வேண்டியிருக்கவில்லை, அவர் முதலில் தப்பாகத்தான் சொன்னார். "முன் டயர்ல காத்துக் கொறவு, வேற ஒண்ணுமில்ல." காற்றடித்தார். கிங்ஸ்டன் ஜெபிஷாவைப் பார்த்த பார்வையில், பார்த்தியா என்று இருந்தது.

ஆனால் மாரிராஜ் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து தலையைச் சொறிந்தார். "அக்கா சொல்லுதது சரிதான். வளைச்சா அங்கனயே நிக்கி."

ஜெபிஷா வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள், அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மாரிராஜ் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரங்களுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் உள்ள இணைப்பைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பினார். அது லேசாகத் திரும்பியது. ஸ்டியரிங்கைத் திருப்பினார். இறுக்கம் அங்கேதான். நோய் கீழே இல்லை, மேலே. கேபினுக்குள் குனிந்து, கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கினார். ஸ்டியரிங் தண்டு தரையைத் துளைத்து இறங்குகிற இடத்தில், வளைந்து கொடுக்க வேண்டிய ஜாயிண்ட் உப்பும் துருவும் ஏறிக் கட்டியாக இறுகிக் கிடந்தது.

"அண்ணாச்சி, வண்டிக்குள்ள எப்படி இவ்ளோ உப்பு?"

"தெனமும் கழுவுவேன்லா."

"எந்தத் தண்ணில?"

"கடத்தண்ணிலதான். ஒரு வாளி மோந்து அடிச்சு ஊத்துனா கவிச்சி போயிரும். படகுத் தளத்த வேற எதுல கழுவுவாவ?"

மாரிராஜ் ஜாயிண்டை ஒரு தட்டு தட்டினார், துரு உதிர்ந்தது. பிறகு கேட்டார், "ஸ்டியரிங் எப்பத்துலருந்து இப்படி நிக்கி?"

"புதுசுல கொஞ்சம் முரண்டு புடிச்சிது. வளைச்சா கையில நிக்காம தன்னால இழுத்துக்கிட்டு வரும். போகப்போக சொன்ன பேச்சு கேட்டுது."

"அண்ணாச்சி, முரண்டு புடிச்சிதுல்லா, அதுதான் நல்லா இருந்த வண்டி."

இந்தப் பேச்சை எழுதும்போதுதான் எனக்குக் கிங்ஸ்டன் விளங்கினார். அவர் ஓட்டிய படகில் ஸ்டியரிங்கை விட்ட இடத்தில் அது நிற்கும். நேராக்க வேண்டியது மனிதனின் கை. அந்தக் கையோடு கரையேறியவர் வண்டியையும் படகாகவே கழுவினார், படகாகவே ஓட்டினார். வண்டியும் மெல்ல மெல்லப் படகாகிவிட்டது. அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் தானாகத் திரும்புகிற ஸ்டியரிங் முரண்டு பிடிக்கிற ஸ்டியரிங்தான்.

ஜெபிஷாவுக்கு ஜெயித்த சந்தோஷம். அதை அவள் மறைக்கவும் இல்லை.

5

ஜாயிண்டை மாற்றியாகிவிட்டது. "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று மாரிராஜ் அனுப்பிவைத்தார். இனி வருவது முழுக்க என் சேர்க்கை, நான் பட்டறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கிங்ஸ்டன் ஓட்டினார். ஜெபிஷா இடப்பக்கம். அதே உப்பளத் திருப்பம். வளைத்தவர், பழக்கதோஷத்தில் பலமாகத் திருப்பி நேராக்கினார். ஸ்டியரிங்கும் தானாகத் திரும்பி வந்தது. இரண்டும் சேர்ந்து வண்டியை மறுபக்கம் இழுத்தன. அதைச் சரிக்கட்ட இந்தப் பக்கம் ஒடித்தார். வண்டி பாம்பாக நெளிந்து, அன்றைக்கு ஏறிய அதே வரப்புக்கு முன்னால் நின்றது.

"ஏளா, திரும்பவும் முரண்டு புடிக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"கைய லேசா விடுங்க. அது வந்துரும்."

"விட்டா எங்கயாவது போயிரும்லா?"

"போவாது."

மறுபடி முயன்றார். கை விடவில்லை. கடலில் கையை விட்டவன் கரை சேர்ந்ததில்லை என்று பழகிய கை அது. அவர் மேல் அவளுக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் வடிந்துபோனது. பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. சிரிக்கவில்லை.

6

முடிவுகள்:

(அ) அவர் கண்கலங்கிச் சாவியை அவள் கையில் வைக்கிறார். [இது கிங்ஸ்டன் இல்லை. நான்.]

(ஆ) வண்டியை விற்றே விடுகிறார். [ஒரு நாள் முழுக்க இதை வைத்திருந்தேன். மனசு கேட்கவில்லை.]

(இ) அவர் இஞ்சினை அணைக்காமல் இறங்குகிறார். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏதோ சொல்ல வாயெடுக்கிறார்.

இதுவரைதான் எனக்குத் தெரியும். அவர் அவளுக்கு ஒரு வாக்கியம் பாக்கி வைத்திருக்கிறார். 'வண்டியிலதான் கோளாறு' என்பது போதாது, அதை மாரிராஜே சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்கிற ஆளும் இல்லை. எழுதி எழுதிப் பார்த்தேன், எல்லாம் என் குரலில் வருகிறது. ஆடையை எடுத்துப் போட்டுவிட்டு டீயை நீட்டுகிற ஓர் ஆள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இந்த இடத்தில் அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத்தான் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்:

கிங்ஸ்டன் சொன்னார்: "                                        "

ஆனால் சீக்கிரம். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, சாவி வண்டியில்தான் இருக்கிறது, ஜெபிஷா வலப்பக்க இருக்கைக்கு நகர்ந்துவிட்டாள்.