பூ வராத வியாழக்கிழமை

கடைக்குப் போவதென்றால் கோவிந்தராஜனுக்குக் கல்யாணத்துக்குப் போகிற உற்சாகம் வந்துவிடும். ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த நாளிலேயே, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஸ்கூட்டரை உதைத்து மோண்டா மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பார், தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார், "நக்கோ பாய், நக்கோ" என்று அந்த ஊர் உருதுவில் வேண்டாம் சொல்லி நாலடி நடந்து, கூப்பிட மாட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பார். ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் மனைவி கல்பகம் ஒரு கட்டுக் கொத்துமல்லிகூடத் தன் கையால் வாங்கியதில்லை. அடுக்களையிலிருந்து அவள் சொல்வாள், அவர் கொண்டுவருவார். அந்த ஏற்பாட்டில் இருவருக்குமே கொஞ்சம் பெருமை இருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பெருமை ஹப்சிகுடா மெட்ரோ தூணுக்கடியில் பையோடு தடுமாறி விழுந்தது. தக்காளி நாலா பக்கமும் ஓடியது, வலது மணிக்கட்டு முறிந்தது. புனேயிலிருந்து பறந்துவந்த மகள் சுஷ்மா அப்பாவைத் திட்டி, அழுது, திரும்பிப் போவதற்குள் வயதானவர்களுக்கென்றே நடக்கும் ஒரு மளிகைச் சேவையில் அவர் பேரைப் பதிந்துவிட்டாள்.

ரொம்பச் சுலபமான ஏற்பாடு. எதையும் அமுக்க வேண்டாம், தேட வேண்டாம். புதன்கிழமை காலையில் போன் வரும், வேண்டியதைத் தமிழிலேயே சொல்லலாம். வியாழக்கிழமை சுமலதா என்கிற நடுத்தர வயதுப் பெண் கூடையை மாடிவரைக்கும் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போவாள். போனில் பேசுவது மனுஷி இல்லை, மிஷின்தான். ஆனால் பெண்குரல், பொறுமையான குரல். தஞ்சாவூரா, மதுரையா, கோயம்புத்தூரா என்று கோவிந்தராஜன் எவ்வளவோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தார். அந்தக் குரலுக்கு ஊரே இல்லை.

"நீயும் ஒரு தரம் பேசிப் பாரேன்" என்பார் கல்பகத்திடம்.

"மிஷினோடல்லாம் எனக்கென்னன்னா பேச்சு? நான் சொல்றேன், நீங்க அதுகிட்ட சொல்லுங்கோ."

அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. அவளுக்கு இருதயத்தில் வால்வு பழுது, பொங்கல் கழித்து ஆபரேஷன். நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது.

அந்தக் குரலுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. சொல்லாததையும் அனுப்பும். ஒரு வாரம் கூடையில் சுக்கும் ஓமமும் கிடந்தன. யார் கேட்டது என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தார், அன்று சாயங்காலமே கல்பகத்துக்கு வயிறு கெட்டது. இன்னொரு வாரம் நூடுல்ஸும் சாக்லேட் பிஸ்கட்டும் வந்தன. மறுநாள் சுஷ்மா பேரனைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் நின்றாள். "பாத்தியா, நம்ம ஆத்து மனுஷாளை விட இதுக்கு நன்னாத் தெரியறது" என்று கோவிந்தராஜன் மெச்சிக்கொண்டார். பாவம், அன்றைக்கு அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை, கல்பகம் குளிக்கப் போயிருந்தபோது கூடை வந்தது. ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தார். வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு. இஞ்சி. பயத்தம்பருப்பு. அடியில் ஒரு பொட்டலம் கறுப்பு எள். அதற்கும் அடியில், ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டுப் பிரண்டை.

அவர் சொன்ன தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, முருங்கைக்காய் இல்லை. மேஜைமேல் இருந்தது திவசச் சமையலுக்கான சாமான். வேறு யார் பார்த்தாலும் ஏதோ காய்கறி என்றுதான் நினைப்பார்கள். வருஷா வருஷம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திவசம் செய்கிற கோவிந்தராஜனுக்கு அது போதும். அப்பா திவசம் மாசியில், அம்மா திவசம் சித்திரையில். இந்த வீட்டில் மார்கழியில் யாரும் செத்துப்போனதில்லை.

"இதை யாரம்மா வைத்தது?" என்று அரைகுறைத் தெலுங்கில் கேட்டார்.

"நாகு தெலீது சார்" என்றாள் சுமலதா. கட்டிக் கொடுத்ததைக் கொண்டுவருகிறவள், அவளுக்கு என்ன தெரியும்? ஆனாலும் அவள் பிரண்டையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் படியிறங்கியதில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

எல்லாவற்றையும் வாரிப் பால்கனியில் வாஷிங் மிஷினுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, சுஷ்மாவுக்குப் போன் போட்டார். அவள் சிரித்தாள்.

"அப்பா, இட்ஸ் சோ சிம்பிள். முன்னாடி எப்பவோ நீங்க ஆர்டர் பண்ணதை அது ரிப்பீட் பண்ணியிருக்கும். அதுக்குத் தேதிதான் தெரியும், திதியா தெரியும்?"

அப்படித்தான் இருக்கும் என்று அவரும் நிம்மதியாகப் போனை வைத்தார். பாதிக் காப்பி குடித்த பிறகுதான் உறைத்தது. இந்தச் சேவையில் சேர்ந்ததே தீபாவளிக்குப் பிறகு. திவசச் சாமானை அவர் யாரிடமும் சொல்லி வாங்கியதே இல்லை. ஹைதராபாத்தில் பிரண்டை கிடைப்பது குதிரைக்கொம்பு. மோண்டாவில் ஒரே ஒரு கிழவியிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்து, தானே போய் வாங்கிவருவார்.

சுக்கு வந்தது, வயிறு கெட்டது. பிஸ்கட் வந்தது, பேரன் வந்தான். இப்போது எள் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு கோவிந்தராஜனுக்கு வேறு நினைப்பே இல்லை. கல்பகம் போய்விடுவாள். மத்தியானம் அவள் கண்ணயர்ந்தால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கியது மறுபடி ஏறக் கொஞ்சம் தாமதித்தால் இவருக்கு மூச்சு நின்றுவிடும். டாக்டருக்குப் போன் செய்து ஆபரேஷனை முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்றார், ஒத்திப்போடலாமா என்றும் கேட்டார். அவருக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அவளில்லாத வீட்டில் யார் சொல்லி, யாருக்காகக் கடைக்குப் போவது?

"என்னன்னா அப்படி முழிச்சு முழிச்சுப் பாக்கறேள்?" என்றாள் கல்பகம் கண்ணைத் திறந்து. "புதுப் பொண்டாட்டியா நான்?"

புதன்கிழமை குரல் வந்தது. "சொல்லுங்க ஐயா."

அவர் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "போன வாரம் எள்ளும் பிரண்டையும் அனுப்பியிருந்தியே. எதுக்கு?"

"வீட்டுக்கு வேண்டியதுதான் ஐயா."

"எப்போ வேண்டியது?"

குரல் கோபப்படவும் இல்லை, குழறவும் இல்லை. "வேறென்ன வேணும் ஐயா?" என்றது.

மறுநாள் கூடை வந்ததுமே திறந்தார். தக்காளி இருந்தது, முருங்கைக்காய் இருந்தது, உருளைக்கிழங்கும் இருந்தது. எள்ளைக் காணோம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன மாதிரி இருந்தது.

கல்பகம் வந்து கூடையைத் துழாவினாள். "ஏன்னா, பூ வரலையே? வாரா வாரம் வருமே. மஞ்சளும் குங்குமமும் சொன்னேளோ இல்லையோ?"

"சொன்னேனே."

"எதுவுமே இல்லை, பாருங்கோ. காப்பிப்பொடிகூட அரைப் பாக்கெட்தான் அனுப்பியிருக்கு. உங்க மூக்குப்பொடியும் இல்லை, பிளேடும் இல்லை. என்ன மிஷினோ, என்ன கண்றாவியோ!"

அவள் புலம்பிக்கொண்டே தக்காளியைக் கழுவப் போனாள். கோவிந்தராஜன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பூவும் மஞ்சளும் குங்குமமும் புருஷன் இருக்கிறவளுக்குத்தான் வேண்டும். மூக்குப்பொடி அவருக்கு மட்டும்தான் வேண்டும். கூடையில் இருந்ததெல்லாம் ஒரே ஒருத்தி சாப்பிடுகிற அளவு.

ஆக, போகப்போவது அவள் இல்லை.

முதலில் வந்தது சிரிப்பு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மனுஷர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கல்பகம் ஆபரேஷன் முடிந்து பிழைத்து வருவாள், இங்கேயே இருப்பாள், தக்காளி கழுவுவாள். ஒரு வாரமாக எந்தெந்தச் சாமியிடமோ கேட்டது கிடைத்துவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் பயம் வந்தது. அதுகூடத் தன்னைப் பற்றியதில்லை. இவளுக்கு யார் வாங்கிப்போடுவார்கள்? தெருமுனையில் காய்கறிக் கடை வலது பக்கமா, இடது பக்கமா என்றுகூட இவளுக்குத் தெரியாதே.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு, விழுந்ததற்குப் பிறகு முதல் தடவையாகத் தெருவில் இறங்கினார். அதே மெட்ரோ தூணுக்கடியில் பூக்காரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழம் மல்லிகை வாங்கினார், பேரமே பேசவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டுப்போட்ட கையால் தானே அவள் தலையில் வைத்துவிட்டார். கோணலாகத்தான் வைத்தார்.

"என்னன்னா இது, இந்த வயசுல!" என்றாள் கல்பகம். எடுக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை போன் அடித்தபோது, ஸ்பீக்கரைப் போட்டு அவள் மடியில் வைத்தார்.

"இன்னிக்கு நீ பேசு."

"நானா? நக்கோ!" என்றாள், அவரைப் போலவே.

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. என்ன வேணுமோ சொல்லு. அது எழுதிக்கும். கஷ்டமே இல்லை, நம்ம மாதிரிக் கிழங்கட்டைகளுக்குன்னே பண்ணியிருக்கான். எனக்காகப் பேசேன்."

அவர் குரலில் என்ன கேட்டதோ, அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஹலோ" என்று கத்தினாள்.

"வணக்கம் கல்பகம் அம்மா" என்றது குரல். அவள் பேரை அதற்கு யாரும் சொன்னதில்லை. "சொல்லுங்க."

கல்பகம் சொன்னாள். அரிசி, துவரம்பருப்பு, தயிர். போகப்போகக் குரல் தேறியது. வெண்டைக்காய் பிஞ்சாக இருக்க வேண்டும் என்று அதட்டினாள், போன வாரத்துப் பூவுக்காக ஒரு பிடி பிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுவிட்டுக் குரல் கேட்டது:

"கூடை ஒருத்தருக்குத்தானே அம்மா?"

"ஒருத்தருக்கா? இவரென்ன பட்டினி கிடக்கணுமா? ரெண்டு பேருக்கு! மூக்குப்பொடியோட ரெண்டு பேருக்கு!"

முதல் தடவையாக அந்தக் குரல் பதில் சொல்லத் தயங்கியது. வெளியே ஒரு மெட்ரோ வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. கோவிந்தராஜன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரிங்க அம்மா" என்றது குரல். "இந்த வாரம் ரெண்டு பேருக்கு."

போன் அணைந்தது. கல்பகம் மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக அவரைப் பார்த்தாள்.

"போட்டேன் பாருங்கோ ஒரு போடு, அடங்கிடுத்து! இவ்வளவுதானா இது? அடுத்த வாரமும் நானே பேசறேன்."

"பேசு" என்றார் கோவிந்தராஜன். "இனிமே நீயே பேசு."